ஹியூமன் லீக்: இசை தெரிந்தவர்கள் போன பிறகு எழுந்த குழு

நாடாப்பெட்டி:

ஓர் இசைக்குழு இரண்டாக உடைகிறது. மெட்டமைக்கவும் கருவிகளைக் கையாளவும் தெரிந்த இருவர் ஒரு பக்கம். எந்தக் கருவியையும் முறையாக வாசிக்கத் தெரியாத பாடகரும், மேடையில் ஸ்லைடு காட்டுபவரும் மறுபக்கம். இதில் எந்தப் பக்கம் பிழைக்கும் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் தயங்காமல் முதல் பக்கத்தைக் காட்டுவோம். 1980 அக்டோபரில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து ஹியூமன் லீக் குழு உடைந்தபோது, அந்நாட்டு இசைப் பத்திரிகைகளும் அப்படித்தான் கணக்குப் போட்டன. பதினான்கே மாதங்களில் அந்தக் கணக்கு தலைகீழாகி, பாடகரின் பக்கம் பிரிட்டனின் பாட்டுத் தரவரிசையில் முதலிடத்தில் போய் உட்கார்ந்தது. அது எப்படி நிகழ்ந்தது என்பதைப் பற்றிப் பேசவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மார்ட்டின் வேர், இயன் கிரெய்க் மார்ஷ் இருவரும் எஃகு ஆலைகளுக்குப் பேர்போன அந்த ஊரில் கணினி இயக்குநர்களாக வேலை பார்த்தவர்கள். மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சிந்தசைசர் என்ற கருவியின் விலை சம்பளக்காரர்களுக்கு எட்டும் அளவுக்கு இறங்கிய காலம் அது. அதை வாங்கி, 1977இல் ஏடி நியூட்டனையும் சேர்த்துக்கொண்டு 'தி ஃப்யூச்சர்' என்ற பெயரில் சில ஒலிப்பதிவுகளைச் செய்தார்கள். எந்த நிறுவனமும் அவற்றை ஏற்கவில்லை, நியூட்டனும் விலகிவிட்டார். பாடகர் இல்லாத இடத்துக்கு வேர் தேர்ந்தெடுத்தது தம் பள்ளித் தோழர் ஃபிலிப் ஓக்கியை. ஓக்கி அப்போது மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் பணியாளர். இசைப் பயிற்சி கிடையாது. உடுத்தும் விதத்தால் மட்டும் ஊரில் பெயர் பெற்றவர். வேர் தேடிப் போனபோது அவர் வீட்டில் இல்லாததால், குழுவில் சேர வருகிறாயா என்று ஒரு சீட்டெழுதி வாசற்கதவில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். விண்வெளிப் போர்ப் பலகை விளையாட்டு ஒன்றில் வரும் ஒரு பேரரசின் பெயரைக் குழுவுக்குச் சூட்டினார்கள். 1978 ஜூன் 12 அன்று ஷெஃபீல்டின் கலைக் கல்லூரி ஒன்றில் முதல் கச்சேரி நடந்தது. மூன்று பேர் இயந்திரங்களின் பின்னால் அசையாமல் நிற்பதை எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? அந்தக் குறையைப் போக்க, திரையில் ஸ்லைடுகளை ஓட்டும் ஏட்ரியன் ரைட்டை நான்காவது உறுப்பினராகவே சேர்த்துக்கொண்டார்கள்.

1979இல் வெர்ஜின் நிறுவனம் ஒப்பந்தம் செய்தது. 'ரீப்ரொடக்‌ஷன்', 'ட்ராவலாக்' என்று இரண்டு ஆல்பங்கள் வந்தன. முதலாவது விற்கவில்லை. இதற்கிடையே, இவர்களுக்குப் பின்னால் சிந்தசைசரைத் தொட்ட கேரி நியூமன் 1979இலேயே முதலிடம் பிடித்துவிட்டார். கடன் ஏறியது, வேருக்கும் ஓக்கிக்கும் பேச்சு முற்றியது. ஐரோப்பியப் பயணம் தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது வேரும் மார்ஷும் பிரிந்தார்கள். குழுவின் பெயரும், அத்துடன் அதன் கடனும், பயணத்தை நடத்தித் தர வேண்டிய பொறுப்பும் ஓக்கியின் தலையில் விழுந்தன.

என் வாதம் இதுதான்: திறமையாளர்கள் வெளியேறியதுதான் இந்தக் குழுவுக்குக் கிடைத்த பெரிய நல்வாய்ப்பு. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

தெற்குவாசல்:

மறுக்கத்தான் வந்தேன், நாடாப்பெட்டி அவர்களே. நீங்கள் முதல் கட்டத்தை ஒரு தோல்விக் கதையாக ஒரே பத்தியில் ஓரங்கட்டிவிட்டீர்கள். 'ட்ராவலாக்' 1980இல் பிரித்தானியத் தரவரிசையில் 16ஆம் இடம் வரை ஏறிய ஆல்பம். அதைத் தோல்வி என்று எப்படிச் சொல்வது? அதே ஆண்டில் வட அயர்லாந்துக் குழுவான தி அண்டர்டோன்ஸ், ஊரார் மெச்சும் ஓர் உறவுக்காரப் பையனைக் கிண்டல் செய்யும் தங்கள் பாட்டில், அவனுக்குச் சிந்தசைசர் வாங்கிக் கொடுத்த அவன் அம்மா ஹியூமன் லீக்கை அழைத்து யோசனை கேட்டதாகப் போகிறபோக்கில் பாடுகிறது. சிந்தசைசர் என்றாலே இவர்கள் பெயர் நினைவுக்கு வரும் நிலை பிரிவுக்கு முன்பே உருவாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 1978இன் இறுதியில் புகழ்பெற்ற பாடகர் டேவிட் போவி நேரில் வந்து கேட்டுவிட்டு, பாப் இசையின் எதிர்காலத்தையே கண்டதாகச் சொன்னதும் அந்தப் பழைய அணியைப் பார்த்துத்தான்.

நீங்கள் குறிப்பிடவே குறிப்பிடாத முதல் இசைத்தட்டையும் பார்ப்போம். 'பீயிங் பாயில்ட்' 1978இல் எடின்பரோவைச் சேர்ந்த ஃபாஸ்ட் ப்ராடக்ட் என்னும் சிறு நிறுவனத்தின் வழியே வெளிவந்தது. கைவிடப்பட்ட ஒரு தொழிற்கூடத்தில், வீட்டில் வைத்துக்கொள்ளும் சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிவானது. ஆன செலவு இரண்டரை பவுண்டு. இசையை வேரும் மார்ஷும் முன்பே செய்து வைத்திருந்தார்கள். அதை ஓக்கியிடம் கொடுத்து வரி எழுதச் சொன்னபோது அவர் எழுதி வந்தது பட்டுப்புழுக்களைக் கொதிநீரில் போடுவதைக் கண்டிக்கும் ஒரு பாட்டு! கூட்டைக் கொதிக்க வைத்து நூலெடுப்பதை அறிந்த நம் ஊர்க்காரர்களுக்கு இந்தப் பொருள் உடனே விளங்கும். புத்தரின் குரலாகத் தொடங்கும் அந்தப் பாட்டில் பௌத்தமும் இந்து மதமும் ஓக்கியின் தலைக்குள் குழம்பிக் கிடந்தன என்பதை அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். வரிகள் குழப்பம்தான்; ஆனால் அடியில் ஓடும் அந்தக் கனத்த ஒலி இன்றைக்குக் கேட்டாலும் வயிற்றுக்குள் இறங்குகிறது. அதைச் செய்தவர்கள் வெளியேறியதை நல்வாய்ப்பு என்கிறீர்கள்.

இன்னொன்று. 'பிரிந்தார்கள்' என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். தாம் தொடங்கிய குழுவிலிருந்து தம்மையே வெளியேற்றினார்கள் என்பதுதான் வேரின் தரப்பு. அதையும் பதிவு செய்வதுதான் முறை.

கடைசிவரிசை:

இருவரும் ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். குழுவைக் காப்பாற்றியது ஒரு நடன விடுதியில் கழிந்த ஓர் இரவு என்பதை யாராவது சொல்லத்தானே வேண்டும்.

பயணத்தை ரத்து செய்தால் ஏற்பாட்டாளர்கள் வழக்குப் போடுவார்கள் என்ற நெருக்கடியில், சில நாட்களுக்குள் ஆள் சேர்க்க வேண்டிய நிலையில் ஓக்கி இருந்தார். வேர் உச்சக் குரலில் பின்பாட்டுப் பாடுபவர் என்பதால், அந்த இடத்துக்கு ஒரு பெண் குரல் போதும் என்பது ஓக்கியின் எண்ணம். ஷெஃபீல்டின் மையத்திலிருந்த 'கிரேஸி டெய்ஸி' என்ற நடன விடுதிக்குப் போனவர், அங்கே ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளைப் பார்த்தார். சூசன் ஆன் சல்லிக்கு 17 வயது. ஜோன் கேத்தராலுக்கு 18. இருவரும் உயிர்த்தோழிகள். ஒருத்தியை மட்டும் ஆண்கள் நிறைந்த குழுவோடு அயல்நாட்டுக்கு அனுப்ப எந்த வீட்டில் சம்மதிப்பார்கள்? இருவரையும் சேர்த்தே அழைத்தார். பெற்றோரிடம் போய் அனுமதியும் கேட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே பயணத்தின் ஒரு கச்சேரிக்கு அந்தத் தோழிகள் ஏற்கெனவே நுழைவுச்சீட்டு வாங்கி வைத்திருந்தார்கள். பார்வையாளர்களாகப் போக இருந்தவர்கள் மேடைக்கே போய்விட்டார்கள்.

பயணம் இனிதாக இருக்கவில்லை. பழைய நால்வரை எதிர்பார்த்து வந்த இரசிகர்கள் இந்தப் பெண்களைப் பார்த்துக் கூச்சலிட்டார்கள். அவர்கள் பயிற்சி பெற்ற பாடகிகளும் அல்லர், நடனக்காரிகளும் அல்லர். ஆனால் என் கருத்தில் அதுதான் அவர்களுடைய பலம். சனிக்கிழமை இரவு கடைத்தெருவிலிருந்து நேரே மேடைக்கு ஏறி வந்தவர்களைப் போல அவர்கள் நின்றதால், இயந்திர இசைக்கு முதன்முறையாக ஒரு பக்கத்து வீட்டு முகம் கிடைத்தது. வேரும் மார்ஷும் நூறு சிந்தசைசர் வாங்கினாலும் அதைக் கொண்டுவந்திருக்க முடியாது.

விசைப்பலகை:

முகத்தை மட்டும் வைத்து முதலிடத்தைப் பிடிக்க முடியாது என்பதற்கு அதே குழுவின் கணக்கே சாட்சி. புதிய அணியின் முதல் சிங்கிள் (தனிப்பாட்டுத் தட்டு) 'பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்' 1981 தொடக்கத்தில் வெளியாகி 48ஆம் இடத்தோடு நின்றுபோனது. அடுத்து ஏப்ரலில் வந்த 'தி சவுண்ட் ஆஃப் தி க்ரௌட்' 12ஆம் இடம் பிடித்தது. இடையில் நடந்தது ஒன்றுதான்: பஸ்காக்ஸ், தி ஸ்ட்ராங்லர்ஸ் ஆகிய குழுக்களின் தயாரிப்பாளரான மார்ட்டின் ருஷண்டை வெர்ஜின் நிறுவனத்தின் சைமன் டிரேப்பர் அழைத்து வந்தார்.

ருஷண்டின் வேலை எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் இயந்திரம் தானே வாசித்துக்கொள்ளும் என்ற எண்ணம் இன்னும் பலருக்கு இருக்கிறது. அவரிடம் ரோலண்ட் எம்.சி.8 என்ற கருவி இருந்தது. அதில் பியானோவைப் போன்ற கட்டைகள் இல்லை; கால்குலேட்டரில் இருப்பதைப் போன்ற எண் பொத்தான்கள்தான். ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று எண்களைத் தட்ட வேண்டும்: சுரத்தின் உயரம் ஒன்று, அடுத்த சுரம் வரும் வரை எவ்வளவு காலம் என்பது ஒன்று, அந்தக் காலத்துக்குள் ஒலி எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பது ஒன்று. மூன்றாவது எண்ணைக் குறைத்தால் சுரம் வெட்டு வெட்டாக விழும்; கூட்டினால் அடுத்த சுரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு நான்கு நிமிடப் பாட்டின் அடிநாதம் முழுவதையும் இப்படி எண்களாகத் தட்டி முடித்து, அதை ஒரு கேசட்டில் சேமித்து வைக்க வேண்டும். இதை நெசவுக்குப் பாவு பூட்டுவதோடுதான் ஒப்பிட முடியும்.

அடுத்தது லின் எல்.எம்.1. ரோஜர் லின் 1980இல் கொண்டுவந்த இந்தத் தாள இயந்திரம்தான் உண்மையான டிரம் அடியை டிஜிட்டலாகப் பதிந்து வைத்துக்கொண்டு திரும்ப ஒலித்த முதல் இயந்திரம். மொத்தமே 500 சொச்சம்தான் தயாரானது. அதில் பெரிய சிம்பல் (டிரம்மோடு தட்டும் உலோகத் தட்டு) ஒலி கிடையாது. இந்தப் புதிய அணி ருஷண்டோடு செய்த 'டேர்' ஆல்பத்தைக் கேட்கும்போது ஓர் அறை துடைத்து வைத்ததைப் போல உணர்கிறோமே, அதற்கு அந்தச் சிம்பல் இல்லாமையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். குழுவில் புதிதாகச் சேர்ந்த ஜோ காலிஸ் ரெசில்லோஸ் குழுவின் கிதார்க்காரர். கிதாரை ஒதுக்கி வைத்துவிட்டு அவர் சிந்தசைசர் பழக வேண்டியிருந்தது. ஆகவே, நாடாப்பெட்டியின் கேள்விக்கு என் பதில் ஒரே பெயர்: ருஷண்ட்.

நாடாப்பெட்டி:

பட்டுப்புழுப் பாட்டை விட்டது என் பிழைதான், தெற்குவாசல் அவர்களே. வேரின் தரப்பைச் சொல்லாததும் பிழையே. ஆனால் 16ஆம் இடம் கிடைத்த பிறகும் கடன் தீரவில்லை என்பதை நீங்கள் தொடவில்லை.

விசைப்பலகைக்கு ஒரு மறுமொழி. ருஷண்ட் இல்லாமல் 'டேர்' இல்லை என்பதை ஏற்கிறேன். ஆனால் வேரும் மார்ஷும் இருந்திருந்தால் ருஷண்டை உள்ளே விட்டிருப்பார்களா? தாங்களே ஒலியின் பொறியாளர்கள் என்று நினைப்பவர்கள், எங்கிருந்தோ வந்த தயாரிப்பாளர் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வோம் என்று சொன்னால் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். தமக்கு வாசிக்கத் தெரியாது என்பதை ஓக்கி அறிந்திருந்ததால்தான் அந்தக் கதவு திறந்தது. பயணத்துக்கு மட்டும் என்று கூலிக்குச் சேர்க்கப்பட்ட இயன் பர்டன் பாட்டெழுதும் உறுப்பினராக உயர்ந்ததும், காலிஸ் வந்ததும் அதே கதவின் வழியாகத்தான்.

அந்த நாட்களில் ஷெஃபீல்டில் நிலவிய நிலைமை ஒரு குடும்பப் பாகப்பிரிவினையைப் போன்றது. வேரும் மார்ஷும் பாடகர் க்ளென் கிரிகரியைச் சேர்த்துக்கொண்டு 'ஹெவன் 17' என்ற குழுவைத் தொடங்கினார்கள். ஒலிப்பதிவுக் கூடம் மட்டும் இரு தரப்புக்கும் பொது! ஒரு தரப்பு பகலிலும் மறு தரப்பு இரவிலுமாக முறை வைத்துப் பதிவு செய்தார்கள். அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்ற பிறகும் கிணறு பொதுவாக இருப்பதைப் போன்ற ஏற்பாடு. ஓக்கியின் அணியை அங்கிருந்து பெயர்த்து, பெர்க்‌ஷயரின் ஸ்ட்ரீட்லி கிராமத்தில் இருந்த தம்முடைய ஜெனெடிக் கூடத்துக்குக் கொண்டுபோனவர் ருஷண்ட்தான். ஆகஸ்டில் 'லவ் ஆக்‌ஷன்' 3ஆம் இடம். அடுத்து 'ஓப்பன் யுவர் ஹார்ட்' 6ஆம் இடம். அக்டோபரில் வந்த 'டேர்' முதலிடம்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. 'டோண்ட் யூ வாண்ட் மீ' பாட்டை ஓக்கிக்குப் பிடிக்கவில்லை. முதலில் தனி ஆண்குரல் பாட்டாக எழுதியதை, ஒரு கதையை இருவர் இரு விதமாகச் சொல்லும் பாட்டாக மாற்றி, அதுவரை பின்பாட்டு மட்டுமே பாடிவந்த சூசனுக்கு இரண்டாவது சரணத்தைக் கொடுத்தவர் அவரேதான். ஆனால் ருஷண்டும் காலிஸும் செய்து முடித்த இறுதிக் கலவை மென்மையாகிவிட்டது என்பது அவர் குறை. ஆல்பத்தின் கடைசிப் பாட்டாக அதைத் தள்ளிவிட்டார். நான்காவது சிங்கிளாக அதையே வெளியிட வேண்டும் என்று டிரேப்பர் பிடிவாதம் பிடித்தபோது, மக்களை ஏமாற்றியதாக ஆகிவிடும் என்று அஞ்சி, தட்டோடு ஒரு வண்ணப் படத்தாளையும் சேர்த்துக் கொடுத்தால்தான் சம்மதம் என்று நிபந்தனை போட்டார். நவம்பர் இறுதியில் வெளியான அந்தத் தட்டு ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது; கிறிஸ்துமஸ் வாரத்தின் முதலிடமும் அதற்கே. பிரிட்டனில் மட்டும் 15 இலட்சத்துக்கு மேல் விற்றது. சொந்தப் பாட்டை எடை போடத் தெரியாதவர் என்று ஓக்கியை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் எதிர்பார்த்த இரைச்சல் அதில் உண்மையிலேயே இல்லை.

புதுவரவு:

இழையை முழுவதும் படித்தேன். ஒரு ஐயம் மட்டும் கேட்கிறேன். பிரிட்டனில் வென்றது புரிகிறது. கிதாரைத் தவிர வேறொன்றையும் மதிக்காத அமெரிக்க வானொலிகள் இவர்களை எப்படி ஏற்றன?

கடைசிவரிசை:

வானொலிக்கு முன்னால் தொலைக்காட்சி ஏற்றது என்பதுதான் விடை. பாட்டுப் படங்களை மட்டும் காட்டும் எம்.டி.வி. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி 1981 ஆகஸ்ட் 1 அன்று தொடங்கியது. நாள் முழுவதும் ஒளிபரப்ப அவர்களிடம் படங்கள் போதவில்லை. பாட்டுக்குப் படம் எடுக்கும் வழக்கம் பிரிட்டனில்தான் அப்போது வேரூன்றியிருந்தது. 'டோண்ட் யூ வாண்ட் மீ' பாட்டின் படத்தை ஸ்டீவ் பேரன், சினிமாவுக்குரிய 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுத்தார். இரவு, ஈரத் தரை, படப்பிடிப்புக்குள்ளேயே ஒரு படப்பிடிப்பு, மழைக்கோட்டணிந்த சூசன் கேமராவை நோக்கி நடந்து வருவது என்று அது ஒரு சிறு திரைப்படமாகவே இருக்கும். வீடியோ கேமராவில் தட்டையாக எடுத்த மற்றப் பாட்டுகளுக்கு நடுவில் இது தனித்துத் தெரிந்தது. 1982 ஜூலையில் அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்து மூன்று வாரம் நின்றது. மைக்கேல் ஜாக்சனின் 'பில்லி ஜீன்' படத்தை மறு ஆண்டில் எடுத்தவரும் இதே பேரன்தான்.

மடித்துக் கட்டிய மேடைத் திரையைப் போல ஒரு பக்கம் மட்டும் நீண்டு தொங்கும் ஓக்கியின் முடியலங்காரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வானொலியில் அது தெரியாதல்லவா!

விசைப்பலகை:

நாடாப்பெட்டியின் 'திறந்த கதவு' வாதத்தை நான் பெருமளவு ஏற்கிறேன். ஆனால் அந்தக் கதவு நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1982 நவம்பரில் வந்த 'மிரர் மேன்', 1983இல் வந்த 'ஃபேசினேஷன்' ஆகிய இரண்டு சிங்கிள்களும் பிரிட்டனில் 2ஆம் இடம் வரை போயின. அதற்கடுத்த ஆல்பத்தின் பணியில் மனக்கசப்பு முற்றி ருஷண்ட் எழுந்து போய்விட்டார். 'ஹிஸ்டீரியா' 1984இல்தான் முடிந்தது. அமெரிக்காவில் மறுபடி முதலிடம் பார்க்க 1986 வரை காத்திருந்து, மினியாபொலிஸுக்குப் போய், ஜிம்மி ஜாம், டெர்ரி லூயிஸ் என்ற வேறு இரண்டு தயாரிப்பாளர்களிடம் தங்களை ஒப்படைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வெற்றியின்போதும் வெளியாள் ஒருவர் கூடத்தில் இருந்திருக்கிறார். இதை நீங்கள் குணம் என்கிறீர்கள். நான் குறை என்கிறேன். இருவரும் ஒரே செய்தியைத்தான் சொல்கிறோமோ என்னவோ.

ருஷண்டைப் பற்றி இன்னும் ஒன்று. 1982இல் 'டேர்' பாட்டுகளையே குரலைப் பெரும்பாலும் நீக்கி, துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, 'லவ் அண்ட் டான்சிங்' என்று தனி ஆல்பமாக வெளியிட்டார். கணினித் திரையில் வெட்டிய வெட்டல்ல. ஒலிநாடாவை மேசையில் வைத்து, சவர பிளேடால் அறுத்து, பசைநாடாவால் ஒட்டியது. கிடைத்தால் ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

தெற்குவாசல்:

கேட்டிருக்கிறேன், அருமையான வேலை. ஆயினும் என் கட்சியை நான் விடுவதாக இல்லை. ஹெவன் 17இன் 'பென்ட்ஹவுஸ் அண்ட் பேவ்மெண்ட்' 1981 செப்டம்பரில், 'டேர்' வருவதற்கு முன்பே வந்து 14ஆம் இடம் பிடித்தது. 1983இல் 'டெம்ப்டேஷன்' 2ஆம் இடம். அமெரிக்கப் பாடகி டீனா டர்னர் மறுபடி எழுந்து நின்ற 'லெட்ஸ் ஸ்டே டுகெதர்' பாட்டின் தயாரிப்பில் இருந்தவர் வேர். வெளியேறியவர்கள் வீணாகிவிடவில்லை.

நாடாப்பெட்டி:

வீணானார்கள் என்று நான் ஒருபோதும் எழுதவில்லை. பிரிவினை ஒப்பந்தத்தில் ஓக்கி ஒன்றைக் கொடுத்திருந்தார்: குழுவின் பெயரைத் தாம் வைத்துக்கொள்வதற்கு ஈடாக, அடுத்த ஆல்பத்தின் உரிமைத்தொகையில் நூற்றுக்கு ஒரு பங்கு வேருக்கும் மார்ஷுக்கும். அந்த அடுத்த ஆல்பம் 'டேர்' ஆக அமைந்தது. அத்துடன், புதிய குழுவின் பெயர் ஊரெங்கும் பரவியிருந்த 1982 ஜனவரியில், உங்கள் இரண்டரை பவுண்டு 'பீயிங் பாயில்ட்' மறுபடி கடைக்கு வந்தது. நான்காண்டுகளுக்கு முன் யாரும் சீந்தாத அந்தப் பட்டுப்புழுப் பாட்டு, வேரும் மார்ஷும் செய்த இசை ஓர் இழை மாறாமல், 6ஆம் இடம் வரை ஏறியது. சூசனையும் ஜோனையும் பார்த்து வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் ஊசியை வைத்தபோது என்ன நினைத்திருப்பார்களோ!